இருபது வயதில் உடைந்துபோன ஜான் ஸ்டூவர்ட் மில்

போன பதிவில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லாரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்பில் ஒரே புகார். "மனசுக்கு இதமா ஏதாவது எழுது மாப்ள, மரம் செடி கொடின்னு" என்றான் ஒருவன். சரி என்று உட்கார்ந்தால், நான் படிப்பது பி.காம்., எனக்குத் தெரிந்த ஆட்கள் எல்லாம் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இருப்பவர்கள்தான். அதனால் மரம் செடி கொடியையும் அங்கிருந்தே எடுக்கிறேன்.

ஜான் ஸ்டூவர்ட் மில். பன்னாட்டு வணிகப் பாடத்தில் 'பரஸ்பரத் தேவை' என்று ஒரு கோட்பாடு வருமே, அதே மில். பத்து மார்க் கேள்விக்காக நாம் மனப்பாடம் செய்த பெயர். இணையத்தில் அவர் படத்தைப் பார்த்தால் வழுக்கைத் தலை, இறுகிய வாய், சிரித்தே பழக்கமில்லாத முகம். இந்த மனிதருக்கு 20 வயதில் மனம் மொத்தமாக நின்றுபோயிற்று என்பதும், அதிலிருந்து அவர் எழுந்து வந்த கதையில் மலைகளுக்கும் காட்டுப் பூக்களுக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்பதும் எந்தக் கைடிலும் இல்லை. அவரே தன் சுயசரிதையில் ஐந்தாவது அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவர் இறந்த 1873-ஆம் ஆண்டிலேயே அந்தப் புத்தகம் வெளிவந்தது.

முதலில் அவர் எப்படி வளர்ந்தார் என்று பார்த்துவிடுவோம். 1806-இல் லண்டனில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் மில். (இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலேயே இந்திய வரலாற்றை எழுதி 1817-இல் வெளியிட்ட மகானுபாவர் இவர்தான். அதைப் பற்றித் தனிப்பதிவே போடலாம்.) பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வீட்டிலேயே பாடம். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன், 13 வயதில் ரிக்கார்டோவும் ஆடம் ஸ்மித்தும். நாம் காலேஜுக்கு வந்து தடவிக்கொண்டிருப்பதை அந்தப் பையன் மீசை முளைக்கும் முன்பே முடித்துவிட்டான். வெளியே போய் விளையாட மற்ற பிள்ளைகளும் இல்லை, விடுமுறை என்று தனியாக எதுவும் இல்லை. விடுமுறை விட்டால் சோம்பேறித்தனம் ஒட்டிக்கொள்ளுமாம்.

இதில் எனக்குச் சுருக்கென்று பட்ட இடம் ஒன்று உண்டு. தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் அப்பா நடக்கப் போவார், பையனும் கூடப் போவான். அந்தக் காலத்தில் அவர்கள் இருந்த நியூவிங்டன் கிரீன் லண்டனின் ஓரம். கொஞ்சம் நடந்தால் ஹார்ன்சி பக்கம் வயலும் பசும்புல் பாதையும்தான். ஆனால் அந்த நடை வேடிக்கை பார்ப்பதற்கு அல்ல. முந்தைய நாள் படித்த புத்தகத்தைத் துண்டுச்சீட்டில் குறிப்பெடுத்து வைத்து, வழி நெடுக அப்பாவிடம் ஒப்பிக்க வேண்டும். பச்சை வயலும் காட்டுப்பூவும் எனக்கு முதன்முதலில் நினைவிருப்பதே அந்த ஒப்பித்தலோடு கலந்துதான் என்று பிற்காலத்தில் எழுதுகிறார். ஒரு பக்கம் பூ, மறு பக்கம் வைவா. பாவம்.

அந்த வளர்ப்பில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று, அப்பாவின் நண்பரும் குருவுமான ஜெரமி பெந்தம் வாடகைக்கு எடுத்திருந்த ஃபோர்ட் அபே என்ற பழைய மடாலயக் கட்டடம். தோப்பும் தண்ணீர்ச் சத்தமும் உள்ள பெரிய இடம். 1814 முதல் சில ஆண்டுகள் வருடத்தில் பாதி அங்கே தங்கினார்கள். இன்னொன்று 1820. 14 வயதில் பெந்தமின் தம்பி குடும்பத்தோடு பிரான்சின் தெற்குப் பகுதிக்கு அனுப்பி வைத்தார்கள், ஏறக்குறைய ஒரு வருடம். அங்கேதான் பிரனீஸ் மலைகளைப் பார்த்தார். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கும் மலைத்தொடர். அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஜார்ஜ் பெந்தம் பின்னாளில் உலகம் அறிந்த தாவரவியலாளர் ஆனார். மில்லுக்குச் செடி சேகரிக்கும் பைத்தியம் ஒட்டிக்கொண்டதும் அந்தப் பயணத்தில்தான். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

திரும்பி வந்தார். 1823-இல், 17 வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை. அப்பா இருந்த அதே அலுவலகத்தில், அப்பாவுக்குக் கீழே. லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த இந்தியா ஹவுஸில் உட்கார்ந்து, இந்தியாவுக்கு அனுப்பும் கடிதங்களுக்கு வரைவு எழுதும் உத்தியோகம். இதே வேலையில் 1858 வரை 35 வருடம் இருந்தார். மீதி நேரத்தில் கூட்டம், விவாதம், பத்திரிகைக் கட்டுரை. பெந்தமின் கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்தி ஐந்து பாகப் புத்தகமாக்கும் வேலையும் அவர் தலையில். 'அதிகம் பேருக்கு அதிக இன்பம்' என்ற பயன்பாட்டுவாதத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தன் பிறவிப்பயன் என்று நம்பினார். இலட்சியம் இருந்தது, வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, பெயரும் வந்துகொண்டிருந்தது.

1826 இலையுதிர்காலம். ஏதோ ஒரு மந்தமான நாளில் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார். நீ மாற்ற நினைக்கும் சட்டங்கள், கருத்துகள் எல்லாமே இந்த நிமிடமே மாறிவிட்டன என்று வைத்துக்கொள், உனக்குச் சந்தோஷமாக இருக்குமா? உள்ளேயிருந்து தெளிவாக ஒரு பதில் வந்தது. இருக்காது.

அவ்வளவுதான். வாழ்க்கையைத் தாங்கிக்கொண்டிருந்த அடித்தளம் சரிந்துவிட்டது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தார், ஆகவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே போனது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் வேலையை நிறுத்தவே இல்லை. அலுவலகம் போனார், எழுதினார், விவாத மேடையில் பேசினார். பழக்கத்தில் இயங்கும் இயந்திரம் மாதிரி. யாருக்கும் தெரியாது. சொல்ல ஆளில்லை. அப்பாவிடம் போவதா? இந்த மாதிரி விஷயத்துக்குக் கடைசியாகப் போக வேண்டிய ஆள் அவர்தான் என்று எழுதுகிறார். மனம் விட்டுச் சொல்லும் அளவுக்கு நான் யாரையாவது நேசித்திருந்தால் இந்த நிலைக்கே வந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கும் இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

ஏன் இரண்டு முறை படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில் எனக்கும் ஒரு அக்டோபர் மாதம் அப்படித்தான் போனது. பெரிய சோகம் எதுவும் இல்லை. அரியர் கிடையாது. சி.ஏ. ஃபவுண்டேஷன் முதல் தடவையிலேயே பாஸ். வீட்டில் எல்லாருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். ரிசல்ட் பார்த்த அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, 'சரி, இதுக்கப்புறம்?' என்று யோசித்தேன். அடுத்து இன்டர், அப்புறம் ஆர்ட்டிகிள்ஷிப், அப்புறம் ஃபைனல். எல்லாமே கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. பயமாகக்கூட இல்லை, வெறும் காலி. அதற்குப் பிறகு இரண்டு மாதம் காலேஜ் போனேன், இன்டர்னல் எழுதினேன், கேன்டீனில் எல்லாரோடும் சிரித்தேன். உங்களில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே இது இப்போதுதான் தெரியும். நன்றாகப் பாஸ் செய்தவன் போய் 'எனக்கு ஒரு மாதிரி இருக்கு' என்றால் திமிர் என்றுதானே சொல்வார்கள்?

மில்லுக்குத் திரும்புகிறேன். முதலில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது ஒரு புத்தகத்தால். மார்மொன்டேல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகள். அதில் அப்பா இறந்துபோன இடத்தில், சின்னப் பையனாக இருந்தவன் இனிமேல் குடும்பத்துக்கு எல்லாமாக நான் இருப்பேன் என்று உணரும் காட்சி வருகிறது. அதைப் படித்து அழுதார். அழ முடிகிறதே, அப்படியென்றால் உள்ளே எல்லாம் செத்துவிடவில்லை என்று அவருக்குப் புரிந்தது. (அப்பா சாகும் காட்சியில் ஏன் இவருக்கு அழுகை வந்தது என்று மனோதத்துவக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நான் போகவில்லை.)

இரண்டாவது 1828 இலையுதிர்காலம். வேர்ட்ஸ்வொர்த் கவிதைகளை முதல்முறையாக எடுத்துப் படித்தார். அதற்கு முன்னாடி, மனம் மோசமாக இருந்தபோது பைரனை முயற்சி செய்து பார்த்தார், வேலைக்கு ஆகவில்லை. பைரனின் நாயகர்களும் இவரைப் போலவே எல்லாம் அலுத்துப்போனவர்கள். காதல் தோல்வியில் இருப்பவன் ராத்திரி முழுக்க சோகப்பாட்டு கேட்ட மாதிரி. வேர்ட்ஸ்வொர்த் வேறு மாதிரி. ஏரிகளும் மலைகளும் நிறைந்த வடமேற்கு இங்கிலாந்தில் வாழ்ந்தவர், அந்த நிலத்தைத்தான் எழுதினார். மலை என்றதும் மில்லுக்கு 14 வயதில் பார்த்த பிரனீஸ் திரும்பி வந்துவிட்டது. ஆறு வருடம் கழித்து எல்லாம் இடிந்துபோகப் போகிற பையன் அன்றைக்கே உள்ளே ஒரு வைப்புநிதி போட்டு வைத்திருக்கிறான், தனக்கே தெரியாமல். எடுக்கும் நேரம் இப்போதுதான் வந்தது.

ஆனால் இயற்கைக் காட்சி மட்டுமே தன்னைக் குணமாக்கிவிடவில்லை என்று மில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறார். காட்சி வர்ணனைதான் வேண்டும் என்றால் வால்டர் ஸ்காட்டே போதும், ஒரு சுமாரான நிஜ நிலக்காட்சி எந்தக் கவிஞனையும் விட நன்றாகவே அந்த வேலையைச் செய்துவிடும் என்கிறார். வேர்ட்ஸ்வொர்த் கவிதை மருந்தானதற்குக் காரணம், அழகைப் பார்க்கும்போது மனதில் எழும் உணர்ச்சியும் அந்த உணர்ச்சி தோய்ந்த சிந்தனையும் அதில் இருந்ததுதான். அந்த மாதிரி ஒரு இன்பத்தில் போட்டி கிடையாது, யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை, மனிதர்கள் எல்லாரும் பங்குபோட்டுக்கொள்ளலாம், எல்லாச் சீர்திருத்தமும் முடிந்த பிறகும் அது மிச்சமிருக்கும். 1826-இல் அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்பது புரிகிறதா? எல்லாம் கிடைத்த பிறகும் மிச்சமிருக்கிற ஒன்று.

இதனாலேயே இன்னொரு முடிவுக்கும் வந்தார். சந்தோஷத்தை நேரடியாகத் துரத்தினால் அது கிடைக்காது. சந்தோஷமாக இருக்கிறேனா என்று கேட்ட அந்த நிமிடமே அது நின்றுவிடும். வேறு எதிலாவது, அந்த வேலைக்காகவே, மனதை வைத்தால் போகிற வழியில் தானாக வந்து சேரும். பயன்பாட்டுவாதியின் வாரிசு இப்படிச் சொல்கிறார் என்பதுதான் வேடிக்கை.

அவர் இதோடு நிற்கவில்லை. 1829 ஜனவரியில் லண்டன் விவாதக் கழகத்தில் நண்பர் ரோபக்கோடு இரண்டு இரவு வாதம். பைரனா வேர்ட்ஸ்வொர்த்தா? நம்மூர் பட்டிமன்றம் மாதிரியே. ரோபக் பைரன் அணி. மனம் உடைந்து மீண்டவன் தன் மருந்துக்காக மேடையேறி வாதாடுகிறான் என்பது அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு எதிர்சாட்சியையும் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ஒருபக்கமாகிவிடும். மில் வேலைக்குச் சேர்ந்த அதே இந்தியா ஹவுஸில் அப்போது கணக்குப் பிரிவில் உட்கார்ந்து லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்தவர் சார்லஸ் லாம். ஆமாம், ஆங்கிலக் கட்டுரையாளர் லாம்தான், நம்ம துறை. மனநலம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1795-96 குளிர்காலத்தில் ஆறு வாரம் மனநோயாளர் இல்லத்தில் இருந்தவர். 1796-இல் அவருடைய அக்கா மேரி சித்தம் கலங்கிய நிலையில் அம்மாவையே கொன்றுவிட, அந்த அக்காவைத் தன் பொறுப்பில் எடுத்து வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டவர். அவரை வேர்ட்ஸ்வொர்த் தன் ஊருக்கு அழைத்தபோது 1801-இல் எழுதிய பதில் பிரசித்தம். உங்கள் மலையைப் பார்க்காமலே செத்தாலும் எனக்குக் கவலையில்லை, எனக்கு லண்டன் தெருவும் கடை விளக்கும் கூட்டமும் போதும் என்பதுதான் சாரம். அடுத்த வருடமே அங்கே போய் ஸ்கிடா மலையில் ஏறினார், ரசிக்கவும் செய்தார் என்பது வேறு கதை. ஆனாலும் திரும்பி வந்தது தெருவுக்குத்தான். மனம் சரியில்லை என்று யார் வந்தாலும் 'ஊட்டிக்குப் போயிட்டு வா' என்று சொல்பவர்கள் லாமையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

மில்லுக்கு மலை ஒத்துப்போனது. அவர் அதைச் செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. வாரக்கடைசியில் லண்டனைச் சுற்றி நீண்ட நடை. வருடத்துக்கு ஒரு மாத விடுப்பில் கால்நடைப் பயணம். 1831-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரி மாவட்டத்துக்கே நடந்துபோய் அவரையும் சந்தித்துவிட்டு வந்தார். போகிற இடமெல்லாம் செடி பறித்து, காயவைத்து, பெயர் எழுதி வைப்பது. 1841-இல் தொடங்கிய 'ஃபைட்டாலஜிஸ்ட்' என்ற தாவரவியல் இதழில் எந்தச் செடி எங்கே கிடைத்தது என்று குட்டிக் குட்டிக் குறிப்புகள் எழுதினார். தர்க்கவியலில் தடித்தடியாகப் புத்தகம் எழுதிய ஆள், 'இந்த மேட்டில் இந்தச் செடி இருக்கிறது' என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறார். 1854-இல் நுரையீரல் நோயோடு இத்தாலி, சிசிலி, கிரீஸ் என்று பயணம் போனபோதும் இதே நடை, இதே செடி. 'சுதந்திரம் பற்றி' என்ற புகழ்பெற்ற நூலைத் தனிப்புத்தகமாக எழுதுவது என்று தீர்மானித்ததும் அந்தப் பயணத்தில்தான், 1855 ஜனவரியில், ரோமில்.

(ஒரு உறுத்தல், சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. கம்பெனியின் லண்டன் அலுவலகச் செலவு இந்திய வருவாயிலிருந்துதான் போனது. அதாவது மில் நடந்த மலைப்பாதைக்கு ஒரு பங்கு, நம்மூர் ரயத்துவாரி விவசாயி விளைச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டிய கிஸ்தி. அந்த விவசாயியின் மனநலத்தைப் பற்றி யாரும் சுயசரிதை எழுதவில்லை.)

சரி, வணிகவியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் இடத்துக்கு வந்துவிட்டோம். 1848-இல் மில்லின் 'அரசியல் பொருளாதாரத் தத்துவங்கள்' வெளியானது. பல பத்தாண்டுகளுக்கு அதுதான் இங்கிலாந்தில் பாடப்புத்தகம். அதில் நான்காம் பாகம் ஆறாம் அத்தியாயம், தேக்கநிலை பற்றியது. அவருக்கு முந்தைய பொருளாதார அறிஞர்களுக்கெல்லாம் தேக்கநிலை என்றால் பயம். லாபம் குறையும், மூலதனம் பெருகாது, மக்கள்தொகை நிற்கும், அதோடு கதை முடிந்தது. மில் அதைத் திருப்பிப் போடுகிறார். ஒருவரையொருவர் முட்டித்தள்ளி மிதித்துக்கொண்டு முன்னேறுவதுதான் மனித வாழ்க்கையின் சரியான நிலை என்று எனக்குத் தோன்றவில்லை என்கிறார். அதோடு இன்னொரு காரணமும் சொல்கிறார். மனிதனுக்குத் தனிமை வேண்டும், இயற்கை அழகின் முன்னால் தனியாக நிற்க இடம் வேண்டும். ஒவ்வொரு துண்டு நிலமும் உழப்பட்டு, பூக்கும் புறம்போக்கு எல்லாம் ஏர்பட்டு, வேலியோர மரமும் புதரும் வெட்டுப்பட்டு, காட்டுச்செடி முளைக்க ஒரு மூலைகூட இல்லாத உலகத்தை நினைத்தால் திருப்தியாக இல்லை என்கிறார். மக்கள்தொகை பெருக வேண்டும் என்பதற்காக மட்டுமே பூமி இத்தனையையும் இழக்க வேண்டுமென்றால், கட்டாயம் வந்து தள்ளுவதற்கு முன்பே மக்கள் தாமாக நிறுத்திக்கொள்ளட்டும் என்பது அவர் ஆசை.

காலத்தைக் கவனியுங்கள். 1801-இல் சுமார் 10 லட்சம் பேர் இருந்த லண்டன் 1851-இல் 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஊர்ப் பொதுநிலங்கள் சட்டம் போட்டு வேலி அடைக்கப்பட்டு தனியார் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் சின்ன வயதில் ஒப்பித்துக்கொண்டே நடந்த ஹார்ன்சி பாதைகளையும் பின்னால் நகரம் விழுங்கிவிட்டது. பொருளாதாரம் வளர்ந்துகொண்டே போவதுதான் நல்லது என்று உலகமே நம்பிய நேரத்தில், போதும், கொஞ்சம் காட்டுச்செடிக்கும் இடம் விடுங்கள் என்று ஒரு பாடப்புத்தகத்துக்குள் எழுதுகிறார். இந்த அத்தியாயத்தைச் சுற்றுச்சூழல் பொருளாதாரக்காரர்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு என்னவோ அதில் 20 வயதுப் பையன் குரல்தான் கேட்கிறது. எல்லாம் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று தன்னிடம் கேட்டவன், இப்போது ஒரு நாட்டைப் பார்த்து அதையே கேட்கிறான். உற்பத்தி எல்லாம் பெருகிவிட்டது என்று வைத்துக்கொள், உனக்குச் சந்தோஷமாக இருக்குமா? 22 வருடத்துக்கு முன் அவரிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

எழுதியதோடு விடவும் இல்லை. 1865-இல் லண்டனைச் சுற்றியிருந்த பொதுவெளிகளை வேலியடைப்பிலிருந்து காப்பாற்ற ஷா-லெஃபீவர் தொடங்கிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர்களில் மில்லும் ஒருவர். அந்தச் சங்கம் கோர்ட்டுக்கும் பாராளுமன்றத்துக்குமாக அலைந்தது. விம்பிள்டன் பொதுவெளிக்கு 1871-லும் எப்பிங் காட்டுக்கு 1878-லும் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. இன்றைக்கும் லண்டன்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் நடக்கிறார்கள். மலைக்குப் போக மில்லிடம் ஒரு மாத விடுப்பும் சம்பளமும் இருந்தது. கிழக்கு லண்டனில் தொழிற்சாலைக்குப் போனவனுக்குப் பக்கத்தில் இருந்த காடு எப்பிங்தான்.

இப்போதெல்லாம் இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் கேட்பார்கள். நிறைய இருக்கிறது, எனக்குப் பிடித்தது ஒன்று மட்டும். ரோஜர் உல்ரிச் 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை எடுத்தார். ஜன்னல் வழியாக மரங்கள் தெரிந்த அறையில் இருந்த 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்த 23 பேர், வயது முதலியவற்றில் ஒத்துப்போகும்படி ஜோடி ஜோடியாக. மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வீரியமான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சின்ன ஆய்வு, வித்தியாசமும் ஒரு நாளுக்குள்தான். ஆனால் பழைய பதிவேட்டைப் புரட்டி ஒருவர் கண்டுபிடித்தார் என்பதில் நமக்கு ஒரு பெருமை இருக்கத்தானே வேண்டும்? ஆடிட் மாதிரிதான் இதுவும்.

என் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த வருடப் பொங்கல் விடுமுறையில் விலங்கியல் படிக்கும் நண்பன் ஒருவன் விடிகாலையில் வீட்டு வாசலில் வந்து நின்றான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பாம். "எண்ணுறதுக்கு ஆள் வேணும் மாப்ள, நீதான் கணக்குப்பிள்ளையாச்சே" என்று ஊர்க் கண்மாய்க்கு இழுத்துப்போனான். கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் படும் பறவையை எல்லாம் இனவாரியாக எண்ணி எழுத வேண்டும். முதல் ஐந்து நிமிடம் எனக்கு எல்லாமே 'கொக்கு'. அப்புறம் அவன் சொல்லச் சொல்ல, சிவப்புக் குச்சிக் கால்களோடு நெடுங்கால் உள்ளான், நெற்றியில் வெள்ளை வைத்த நாமக்கோழி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் காணாமல்போகும் முக்குளிப்பான். முக்குளிப்பானை எண்ணுவது மகா கொடுமை. ஏழு என்று எழுதினால் இரண்டு மூழ்கிவிடும், வேறு இடத்தில் மூன்று எழும். கணக்கு டாலியே ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று ஒருமுறைகூட என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். அதற்குப் பிறகும் சில வாரம் ஆயிற்று, அம்மாவிடம் சொன்னேன், ஒரு டாக்டரையும் இரண்டு முறை பார்த்தேன். மில் காலத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. நமக்கு 14416 என்று அரசின் டெலி-மானஸ் எண்ணே இருக்கிறது, 2022 முதல், தமிழிலேயே பேசலாம். ஆனால் அம்மாவிடம் வாயைத் திறக்கும் தெம்பு கண்மாய்க்கரையில்தான் வந்தது என்பது என் கணக்கு. டாக்டர் ஒத்துக்கொள்வாரா தெரியாது.

மில்லின் கடைசி நாட்கள் தெற்கு பிரான்சில் அவிஞ்ஞோனில். மனைவி ஹாரியட் 1858-இல் அங்கே இறந்தபோது, கல்லறைக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை வாங்கிக்கொண்டார். பூச்சிகளைப் பற்றி எழுதிய ஃபாபர் அங்கே நண்பர். ஒருமுறை ஃபாபர் பணக்கஷ்டத்தில் இருந்தபோது மில் 3000 பிராங்க் கடன் கொடுத்திருக்கிறார், பத்திரம் எழுதி வாங்காமல். (அக்கவுண்ட்ஸ் வாத்தியாரிடம் இதைச் சொல்லாதீர்கள்.) அந்த வட்டாரத்துச் செடிகளுக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நூல் எழுதும் திட்டம் இருந்தது. 1873 மே 3-ஆம் தேதி, 66 வயதில், ஃபாபரோடு செடி தேடி ஏறத்தாழ 15 மைல் நடந்தார். திரும்பி வந்தவருக்குக் காய்ச்சல், அக்கி. மே 7-ஆம் தேதி இறந்துபோனார். அவர் காயவைத்துப் பெயர் எழுதிய செடிகளில் ஒரு பகுதி லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வருகிற பொங்கலுக்கும் கண்மாய்க்குப் போகிறோம். வகுப்பிலிருந்து இதுவரை நாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விடிகாலை ஆறு மணிக்கு மடைப்பக்கம் நிற்போம். புதுச் செருப்போடு வராதீர்கள், முழங்கால் வரை சேறு. முக்குளிப்பான் எண்ணும் வேலை மட்டும் இந்த முறை என்னால் முடியாது, வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.